கண்டம்

உதியன்குளங்கரை ஜங்ஷனில் பாறசாலை பஸ்ஸுக்காகக் காத்து நிற்கிறவனுக்குக் 'கண்டம்' என்ற சொல்லுக்கு நாலு அர்த்தம் தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்த ஆசியக் கண்டம் ஒன்று. களியக்காவிளை தாண்டிப் போய் ஜாதகம் பார்த்தால் ஜோசியர் சொல்லும் கண்டம் இன்னொன்று: "முப்பத்தொண்ணுல வாகனத்தால ஒரு கண்டம் கிடக்கு, பாத்து நடந்துக்கிடணும்." மலையாளத்தில் கண்டம் என்றால் வயல், பேச்சில் தோற்றவனைப் பார்த்துக் 'கண்டம் வழி ஓடிக்கோ' என்று பையன்கள் கத்துவார்கள். நாலாவது, டிப்போக்காரர்கள் சொல்வது. வண்டிக்கு ஆயுசு முடிந்தது, இனி ரோட்டில் விடக்கூடாது, ஆக்ரிக்காரனுக்குப் போட வேண்டியது என்று எழுதிவிட்டால் அந்த வண்டி கண்டம். வெள்ளைக்காரனின் சொல் ஒன்றைப் பாதியாக வெட்டி நாம் செய்துகொண்டது இது. வெட்டின துண்டு நேராக ஜோசியர் சொன்ன கண்டத்தோடு போய் ஒட்டிக்கொண்டதே, அதைத் தற்செயல் என்று நான் நம்பத் தயாரில்லை.

2023 ஏப்ரல் 1 முதல், 15 வயது தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு தானாகவே ரத்து என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விதி கொண்டுவந்தது. பஸ், ஜீப், பஞ்சாயத்து வண்டி எல்லாவற்றுக்கும் ஒரே தலைவிதி. புகை கக்குகிற, பிரேக் பிடிக்காத பழசில் ஜனங்களை ஏற்றக்கூடாது என்கிற அக்கறை. நல்ல அக்கறைதான். அறிவிப்பின் அடியில் ஒரு விலக்கும் இருந்தது: நாட்டின் பாதுகாப்புப் பணியில் இருக்கும் கவச வண்டிகளுக்கும் சிறப்பு வண்டிகளுக்கும் இது பொருந்தாது. விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விமானம் தார் ரோட்டில் ஓடாதே, எதற்குச் சொல்ல வேண்டும்? ஆகவே அமரவிளை பாலத்தில் ஓடுகிற பஸ் பதினைந்து வயதில் கிழடு. இமயமலைக்கு மேல் ராணுவத்தானை ஏற்றிக்கொண்டு போகிற விமானம் நாற்பது வயதிலும் குமரன்.

இதை எனக்கு விளக்கியவர் எங்கள் ஜங்ஷனில் தினமும் பஸ்ஸுக்கு நிற்கிற ஒரு மாமா. விமானப்படையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் 'எக்ஸ் மிலிட்டரி' என்றால் போதும். இந்தப் பக்கத்தில் வார்டுக்கு நாலு எக்ஸ் மிலிட்டரி இருப்பதால், இவரைக் 'காது கேளாத எக்ஸ் மிலிட்டரி' என்று தனியாகச் சொல்வார்கள். காது போன கதையைக் கேட்டால் ஏஎன்-32 என்பார். "உள்ள இருந்தா ரெண்டு எஞ்சினும் மண்டைக்குள்ள ஓடும் மக்களே. பக்கத்துல இருக்கியவன்கிட்ட எழுதிக் காட்டித்தான் பேசணும். ஆனா நல்ல வண்டி, கேட்டியா. தப்பு வண்டிமேல இல்ல."

அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். வெயிலும் உயரமும் சேர்ந்து எஞ்சினைக் கழுத்தை நெரிக்கிற நம் நாட்டுக்கென்றே சோவியத்காரர்கள் பெரிய எஞ்சின்களை இறக்கைக்கு மேலே தூக்கி வைத்துச் செய்து கொடுத்த விமானம் அது. 2008 மே மாதக் கடைசியில், 43 ஆண்டுகளாக விமானச் சக்கரம் படாமல் கிடந்த தௌலத் பெக் ஓல்டி ஓடுதளத்தில், ஏறக்குறைய 16,000 அடி உயரத்தில், ஒரு ஏஎன்-32 போய் இறங்கியது. அப்படிப்பட்ட இயந்திரத்தைத் திட்டினால் நாக்கு அழுகும். உழைத்து ஓய்ந்த மாட்டை அடிமாட்டுக்கு விற்காமல் இன்னும் ஏரில் பூட்டுகிறவனைத் திட்டினால் அழுகாது.

நம்மிடம் அது வந்தது 1984-இல். அதே ஆண்டு ஜூலையில்தான் திருவனந்தபுரத்தில் விமானப்படையின் தென்மண்டலத் தலைமையகத்தை இந்திரா காந்தி திறந்து வைத்தார். ஆக்குளத்தில் அதன் வாசலில் வைத்திருக்கும் பழைய விமானத்தோடு ஞாயிற்றுக்கிழமை நின்று படம் பிடிக்காத குடும்பம் எங்கள் தாலுகாவில் குறைவு. அதற்குள் விமானத்தை விற்ற தேசமே 1991-இல் இல்லாமல் போயிற்று. செய்த தொழிற்சாலை உக்ரைனில், உதிரி பாகங்களில் ஒரு பங்கு ரஷ்யாவில். கடை போய், கடைக்காரன் போய், கடைக்காரனின் பிள்ளைகள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பீரங்கியால் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். வாங்கினவன் மட்டும் அன்றைய பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, 'சர்வீஸ் எப்போது?' என்று கேட்டு நிற்கிறான்.

சர்வீஸுக்கும் விட்டார்கள். 2009 ஜூனில் உக்ரைனோடு ஒப்பந்தம். 105 விமானங்கள், 40 கோடி டாலர். நாற்பதைக் கீவ் நகருக்குக் கொண்டுபோய்ப் புதுப்பிப்பது. மிச்சத்தை, அவர்கள் அனுப்பும் சாமான்களை வைத்துக் கான்பூரில் நம் ஆட்களே புதுப்பிப்பது. இருபத்தைந்து வருஷ ஆயுசு இதனால் நாற்பதாகும். மார்க்கண்டேயனுக்குச் சிவன் கொடுத்த வரத்தை இந்த விமானத்துக்கு நம் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு கையெழுத்தில் கொடுத்தது. பாசக்கயிறு அப்புறம் விமானத்தைத் தொடவில்லை என்பது உண்மைதான்.

2014-இல் கிரிமியாவில் சண்டை தொடங்கியதும் கான்பூருக்கு வரவேண்டிய சாமான் வரவில்லை. ரஷ்யாக்காரன் உக்ரைனுக்குக் கொடுக்க மாட்டான், உக்ரைன்காரன் ரஷ்யாவிடம் கேட்க மாட்டான், நாம் இருவரிடமும் 'எப்போ சார்' என்று கேட்டுக்கொண்டிருந்தோம். 2015-இல் இன்னும் விசேஷமான செய்தி ஒன்று பத்திரிகைகளில் வந்தது: கீவுக்குப் போன நம் விமானங்களில் ஐந்து எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லையாம். ஆக்டிவா ஸ்கூட்டரைச் சர்வீஸுக்கு விட்டால் சாவியை வாங்கும்போது சீட்டு கேட்கிற ஊர்க்காரர்கள் நாங்கள். ஐந்து ராணுவ விமானங்களைப் பட்டறையில் விட்டுவிட்டுச் சீட்டைத் தேடிக்கொண்டிருந்த சர்க்காரைப் பார்த்து எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வருஷம் சிரிப்பு நின்றுவிட்டது.

2016 ஜூலை 22. காலை எட்டரை மணிக்குத் தாம்பரத்தில் இருந்து போர்ட் பிளேருக்கு ஒரு ஏஎன்-32 கிளம்பியது. கோவை சூலூர்ப் படைப்பிரிவின் விமானம். சண்டைக்கும் போகவில்லை, சாகசத்துக்கும் போகவில்லை. வாரத்தில் சில நாள் ஓடுகிற ரூட் பஸ் மாதிரி. உள்ளே 29 பேர். வங்கக் கடலுக்கு மேலே ராடாரில் இருந்து மறைந்தது. கப்பல்கள், விமானங்கள், நீர்மூழ்கி எல்லாம் தேடின. கடலில் மூழ்கினால் 'இங்கே கிடக்கிறேன்' என்று ஒலி எழுப்புகிற கருவி அந்த விமானத்தில் பொருத்தப்பட்டிருக்கவில்லை என்று அப்போது செய்தி வந்தது. செப்டம்பரில், 'இறந்ததாகக் கருதப்படுகிறார்கள்' என்று வீடுகளுக்குச் சேதி போயிற்று. கருதுவதற்கு ஒரு சட்டை, ஒரு செருப்பு கையில் இல்லாத வீடுகள்.

கிடைத்தது 2024 ஜனவரியில். சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி, கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டரில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைப் படம் பிடித்தது. ஜூலை 2016-இல் இருந்து ஜனவரி 2024 வரை கணக்குப் போட்டால் ஏழரை ஆண்டு. அச்சுப் பிசகாத ஏழரை. களியக்காவிளை ஜோசியர் பரவாயில்லை, ஏழரைக்குப் பரிகாரமாவது சொல்வார்.

இது முதல் தடவையும் இல்லை. 1986 மார்ச் 25-ஆம் தேதி, சோவியத்தில் இருந்து புதிதாக ஓட்டிக்கொண்டு வரப்பட்ட ஏஎன்-32 ஒன்று, மஸ்கட்டுக்கும் ஜாம்நகருக்கும் நடுவே அரபிக் கடலில் ஏழு பேரோடு காணாமல் போனது. இன்றுவரை ஒரு ஆணிகூடக் கிடைக்கவில்லை. 2009 ஜூன் 9 அன்று அருணாசலப் பிரதேசத்தில் மெச்சுகா வழியில் ஒன்று மலையில் மோதி 13 பேர் செத்தார்கள். அந்த மாதம்தான் உக்ரைன் ஒப்பந்தமும். பத்து வருஷம் கழித்து, 2019 ஜூன் 3, அதே அருணாசலம், அதே மெச்சுகா வழி, மறுபடி 13 பேர். எட்டு நாள் தேடி 12,000 அடி உயரத்தில் கண்டுபிடித்தார்கள். அந்தப் பதிமூன்றில் மூன்று பேர் கேரளத்துக்காரர்கள். கொல்லத்துப் பையன் ஒருவன். எங்களுக்கு ரயிலில் இரண்டு மணி நேரம்.

மலையும் மேகமும் எவனையும் கொல்லும். புது விமானமும் விழும். வாங்கி மூன்று வருஷமே ஆன சி-130ஜே ஒன்று 2014 மார்ச்சில் குவாலியர் பக்கத்தில் விழுந்து ஐந்து பேர் போனார்கள். ஆகவே 'பழசு, அதனால் விழுந்தது' என்று நான் தீர்ப்பு எழுதவில்லை. எழுதவேண்டியவர்கள் எழுதிய அறிக்கைகள் நம் கைக்கு வருவதும் இல்லை. நான் கேட்பது, அந்தப் பதிமூன்று பேர் செத்ததற்குச் சரியாகப் பத்து நாள் முன்னால், 2019 மே 24 அன்று, இதே ஏஎன்-32க்கு என்ன பாராட்டு விழா நடந்தது என்பதுதான். காட்டாமணக்கு எண்ணெய் கலந்த எரிபொருளில் பறக்க அதற்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். டெராடூன் ஆய்வகத்தில் வடித்த எண்ணெய். பத்து சதவீதக் கலப்பு. அந்த ஆண்டுக் குடியரசு தின அணிவகுப்பிலேயே பறந்தும் காட்டியாயிற்று. வேலி ஓரத்துக் காட்டாமணக்கைப் பிழிந்து விமானம் ஓட்டுவது நல்ல விஞ்ஞானம், அந்த விஞ்ஞானிகளுக்கு என் வணக்கம். கிழவிக்குப் புதுப் புடவை கட்டிப் படம் எடுத்துப் போட்டுவிட்டு, அவள் இடுப்பில் இன்னும் குடம் ஏற்றுகிறவர்களுக்குத்தான் வணக்கம் வைக்க முடியவில்லை.

ஏஎன்-32வைக் கிழவி என்றால் அதற்கும் மூத்த பாட்டி ஒருத்தி இருக்கிறாள். ஆவ்ரோ.

ஆவ்ரோவின் கதையில் எங்கள் பக்கத்துக்கு ஒரு பங்கு உண்டு. கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்த காலத்தில்தான் அதை இங்கேயே செய்வது என்று முடிவானது; பின்னாளில், 1971-இல், திருவனந்தபுரம் அவரை மக்களவைக்கு அனுப்பியது. 1959-இல் இங்கிலாந்துக் கம்பெனியோடு ஒப்பந்தம். ஹர்ஜிந்தர் சிங் என்ற விமானப்படை அதிகாரி கான்பூரில் விமானக் கொட்டகைகளைத் திரட்டி, ஆட்களைப் பழக்கி, 1961 நவம்பர் 1 அன்று முதல் விமானத்தைப் பறக்கவிட்டார். இரண்டே வருஷம். கம்ப்யூட்டர் கிடையாது, மேக் இன் இந்தியா சிங்கம் கிடையாது, ஆத்மநிர்பர் பலகை கிடையாது.

அந்த ஆவ்ரோவுக்கு மாற்று வாங்க எவ்வளவு நாள் ஆனது பாருங்கள். 56 விமானம் வேண்டும் என்று 2012-இல் முடிவு. 2013-இல் டெண்டர். அரசு நிறுவனத்துக்கு வேண்டாம், தனியார் கட்டட்டும் என்று நிபந்தனை. உடனே அரசு நிறுவனங்களுக்குப் பொறுப்பான அமைச்சர் அதே மந்திரிசபைக்குள்ளேயே ஆட்சேபம். 2014-இல் பார்த்தால் டெண்டருக்கு வந்தவன் ஏர்பஸ்–டாட்டா என்று ஒரே ஒருத்தன். ஒருத்தன் மட்டும் வந்தால் எப்படிக் கொடுப்பது என்று யோசிக்க அடுத்த வருஷம் மே வரை. யோசித்து முடித்து விலை பேசத் தொடங்கினார்கள். மீன் சந்தையில் சாளைக்கு விலை பேசுகிற கிழவிகூட வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவாள். இவர்கள் பேசி முடித்தது 2021 செப்டம்பர் 24. 21,935 கோடி ரூபாய். கையெழுத்து ஆன அன்று, இங்கே பறந்த முதல் ஆவ்ரோவுக்கு அறுபது முடிய ஐந்து வாரம் பாக்கி. சஷ்டியப்த பூர்த்திக்குத் திருக்கடையூருக்கு அனுப்பியிருக்கலாம்.

அந்த ஒன்பது வருஷத்தில் பாதுகாப்பு அமைச்சர் நாற்காலியில் ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். ஒருவர் சேர்த்தலைக்காரர் ஏ.கே. ஆண்டனி, ஒருவர் மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன். மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிற எங்கள் எல்லை ஊருக்கு இரண்டு பக்கமும் சொந்தம். 1956 நவம்பரில் விளவங்கோட்டைத் தமிழ்நாட்டுக்கும் நெய்யாற்றின்கரையைக் கேரளத்துக்கும் பிரித்தபோது, ரேஷன் கார்டு ஒரு மொழியிலும் அம்மாவின் தாலாட்டு இன்னொரு மொழியிலுமாக நாங்கள் நின்றுவிட்டோம். எந்த மொழியில் கேட்டாலும் விமானம் வரவில்லை என்பதில் மட்டும் சமத்துவம்.

ஆண்டனி 2006 முதல் 2014 வரை, ஏறக்குறைய எட்டு ஆண்டு அந்த நாற்காலியில் இருந்தார். கையில் கறை படாதவர் என்று எதிர்க்கட்சியே சொல்லும். கறை படாமல் இருக்க ஒரு வழி, பேனாவைத் திறக்காமல் இருப்பது. சட்டை வெளுப்பாக இருக்க வேண்டும் என்பதற்காக அடுக்களைக்குள் போகாதவனை நல்ல சமையற்காரன் என்று சொல்ல முடியுமா? அவர் காலத்துக் கட்சியை விரட்டிவிட்டு, 56 அங்குல மார்பு என்று மேடையில் முழங்கி வந்தவர்களின் ஆட்சியில் அந்த 56 விமானத்துக்குக் கையெழுத்து விழ இன்னும் ஏழு ஆண்டு ஆனது. கேரள சர்க்காரில் ஒரு கிளார்க் 56 வயதில் ஓய்வு பெற்றுவிடுவார்; 1961-இல் பிறந்த எங்கள் தெருக்காரர் ஒருவர் 2017 முதல் பென்ஷன் வாங்கி வாழைத்தோட்டம் போட்டிருக்கிறார். அவர் வயதுக்காரியான ஆவ்ரோ டியூட்டியில்.

வதோதராவில் தொழிற்சாலைக்கு 2022 அக்டோபர் 30 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். ஒரு மாதம் கழித்து குஜராத்தில் தேர்தல் ஆரம்பம். அன்றைக்குச் சாயங்காலமே, அதே மாநிலத்தில் மோர்பியில், பழசைப் புதுப்பித்துத் திறந்து நாலு நாளான தொங்குபாலம் அறுந்து நூற்று முப்பதுக்கு மேல் ஜனம் ஆற்றில் போயிற்று. பழசைப் புதுப்பிப்பதில் நமக்கு இருக்கிற கைராசி ஆகாயத்தில் மட்டும் இல்லை. பிறகு 2023 செப்டம்பரில் ஸ்பெயினில் முதல் சி-295 விமானத்தை ஒப்படைத்தார்கள். 2025 ஆகஸ்டில் பதினாறாவது. மிச்சம் நாற்பதும் வதோதராவில் கட்டி 2031-க்குள் வர வேண்டும். வரட்டும். வந்தாலும் அது ஆவ்ரோவுக்கு மாற்று. ஏறக்குறைய நூறு ஏஎன்-32களுக்கு?

அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. இங்கேதான் மலையாளக் கண்டம் வருகிறது. 2007-இல் ரஷ்யாவோடு சேர்ந்து 20 டன் தூக்குகிற சரக்கு விமானம் செய்வது என்று அரசுகளுக்குள் ஒப்பந்தம். 205 விமானம்: ரஷ்யாவுக்கு நூறு, நமக்கு நாற்பத்தைந்து, மிச்சம் அறுபது மற்ற நாடுகளுக்கு விற்று லாபம். 2010-இல் இதற்கென்று பெங்களூரில் ஒரு கூட்டுக் கம்பெனி பிறந்தது. போர்டு மாட்டினார்கள், டைரக்டர்கள் வந்தார்கள், கூட்டம் கூடினார்கள், சாயா குடித்தார்கள். எஞ்சினில் ஒத்துவரவில்லை, பணத்தில் ஒத்துவரவில்லை. 2016-இல் நாம் விலகிக்கொண்டோம். வங்கக் கடலில் 29 பேர் போன அதே வருஷம். ஒன்பது வருஷத்தில் பிறந்தது கம்பெனியின் லெட்டர்ஹெட். விமானம், கண்டம் வழி ஓடியது.

அப்புறம் ஆறு வருஷம் மூச்சு வாங்கி, 2022 டிசம்பரில் உலகக் கம்பெனிகளுக்கு ஒரு கடுதாசி போட்டார்கள். வாங்குகிறோம் என்று இல்லை, 'தகவல் தாருங்கள்' என்று. 18-இல் இருந்து 30 டன் வரை தூக்குகிற விமானம் வேண்டுமாம். பதினெட்டா முப்பதா என்று நமக்கே தெரியாது; தெரிந்தால் ஏன் தகவல் கேட்கப்போகிறோம்? பிரேசிலின் எம்ப்ரேயர் மஹிந்திராவோடு கை கோத்து வந்தது, அமெரிக்காவின் லாக்ஹீட் மார்ட்டின் டாட்டாவோடு, ஏர்பஸ் தன் ஏ-400எம் விமானத்தோடு. ஒவ்வொரு விமானக் கண்காட்சியிலும் மாதிரி விமானத்தைக் கையில் பிடித்துச் சிரித்துப் படம் எடுத்தார்கள். அந்த மாதிரி விமானம் ஒரு முழ நீளம் இருக்கும். ஒரு எலியை ஏற்றலாம்.

முடியாதவர்கள் என்றால் பாவம் என்று விட்டுவிடலாம். முடிகிறவர்கள். அமெரிக்காவோடு நேராகப் பேசி 2008-இல் சி-130ஜே விமானங்களுக்குக் கையெழுத்துப் போட்டார்கள், 2011-இல் வந்துவிட்டது. சி-17 பெரிய விமானங்களுக்கு 2011-இல் கையெழுத்து, 2013-இல் வந்தது. இன்னும் வேகம் பார்க்க வேண்டுமா? ராஷ்டிரபதியும் பிரதமரும் பறக்க இரண்டு போயிங் 777. அமெரிக்காவுக்கு அனுப்பி உள்ளே அலுவலகம், கூட்ட அறை, ஏவுகணை வந்தால் திசைதிருப்புகிற கருவி எல்லாம் மாட்டி 2020 அக்டோபரில் இறங்கின. செலவு 8,400 கோடி என்று அன்று பத்திரிகைகள் எழுதின. கொரோனா வருஷத்தில், புலம்பெயர்ந்த தொழிலாளிகள் தண்டவாளம் பிடித்து நடந்த வருஷத்தில். அதற்கு முந்தைய ஆட்சிக்கு அதற்கேற்ற பெருமை: பெரியவர்கள் ஏற 12 ஹெலிகாப்டருக்கு 2010-இல் சுமார் 3,600 கோடிக்கு ஒப்பந்தம், லஞ்ச நாற்றம் இத்தாலியில் கிளம்பி, 2014 ஜனவரியில் ரத்து. கட்சி மாறும், கொடி மாறும். பின்சீட்டில் உட்காருகிறவனின் ஆயுசுக்கு உள்ள அவசரம் மட்டும் மாறாது.

மாமாவிடம் இதைச் சொன்னேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் சத்தமாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் சொன்னார்: "மந்திரிமாருக்கு ஒரு சட்டம் போடணும் மக்களே. மாசத்துக்கு ஒரு தடவ ஏஎன்-32ல தாம்பரத்துல ஏறி போர்ட் பிளேர்ல இறங்கணும். கயிறு பின்னின சீட்டுல, காதுல பஞ்சு வச்சிட்டு. ரெண்டே மாசத்துல புது விமானம் வந்துரும், பாத்துக்க."

பினராயி விஜயன் முதல்வரானதும் அரசு ஊழியர்களிடம் சொன்னார்: ஒவ்வொரு கோப்பிலும் ஒரு ஜீவிதம் இருக்கிறது என்று. நெய்யாற்றின்கரை தாலுகா ஆபீஸில் தண்டப்பேர் மாற்றத்துக்கு அலைகிற எங்களுக்கு அந்த வாக்கியம் மனப்பாடம். தில்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தில் அந்த வாக்கியம் வேறுவிதமாகப் பலித்திருக்கிறது. கோப்புக்குத்தான் அங்கே ஜீவிதம். பிறக்கிறது, வளர்கிறது, ஒரு மேசையில் இருந்து இன்னொரு மேசைக்குச் சம்பந்தம் போகிறது, கருத்துக் கேட்டுத் திரும்புகிறது, குட்டி போடுகிறது. சாவதே இல்லை. விமானத்துக்குள் இருந்த 29 பேருக்கும் 13 பேருக்கும் இன்னொரு 13 பேருக்கும்தான் அந்த ஜீவிதம் வாய்க்கவில்லை.

இனி ஒரு பில்லுக்கு வருகிறேன். எனக்கு இரத்தம் கொதித்தது அங்கேதான்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளம் மிதந்தபோது விமானப்படை வந்தது. ஹெலிகாப்டர்கள், சி-17, சி-130, ஏஎன்-32 எல்லாம் வந்தன. கொச்சி விமான நிலையம் தண்ணீருக்குள் கிடந்ததால் திருவனந்தபுரம்தான் வாசல். மொட்டை மாடியில் நின்றவர்களைக் கயிற்றில் கட்டித் தூக்கிய அந்தப் பையன்களின் காலில் விழுந்து கும்பிட வேண்டும். அதே வெள்ளத்தில், எங்கள் கரையோரத்து மீன்காரர்கள் வள்ளத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு வடக்கே போய் ஆயிரக்கணக்கான பேரைத் தூக்கினார்கள். முதுகைப் படியாக வளைத்துக் கொடுத்துப் படகில் ஏற்றிய மீன்காரன் ஒருவனை உலகமே பார்த்தது. வள்ளக்காரன் பில் அனுப்பவில்லை. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மலை சரிந்து ஊரையே வாரிக்கொண்டு போனது. மறுபடியும் ஹெலிகாப்டர்கள் வந்தன. தில்லியில் இருந்து கேரளத்துக்கு வந்திருந்த ஒரு கடிதம் அந்த டிசம்பரில் வெளியே தெரிந்தது. ஆறுதல் கடிதம் அல்ல. 2006-இல் தொடங்கி 2018 வெள்ளம், வயநாடு வரை பறந்து வந்து உதவியதற்கான கட்டணம் 132 கோடியே 62 லட்சம் ரூபாயைக் கட்டவும்.

சேறு காயவில்லை. பல உடல்களுக்குப் பேர் கிடைக்கவில்லை. புத்துமலையில் எண் போட்டுப் புதைத்திருந்தார்கள். அந்த எண்களுக்குப் பக்கத்தில் தில்லி இன்னொரு எண்ணை எழுதி அனுப்பியது. இத்தனை வருஷத்துப் பழைய பாக்கி இப்போது எங்கிருந்து திடீரென்று முளைத்தது என்று கேரள உயர் நீதிமன்றமே கேட்டது. விதி அப்படித்தான், பேரிடர் நிதியில் இருந்து மாநிலம் கொடுக்க வேண்டும் என்று விளக்கம் சொன்னார்கள். விதி தெரியும். பிணம் எடுத்த வீட்டில் பந்தல்காரன்கூடப் பதினாறு முடியட்டும் என்று காத்திருப்பான். அந்த விதி எந்தக் கெசட்டிலும் இல்லை, தெரிந்தவனுக்குத் தெரியும்.

சரி, வாடகை என்றே வைத்துக்கொள்வோம். வாடகைக்கு ஓடுகிற வண்டிக்குக் கேரளத்தில் சட்டம் தனி. மஞ்சள் போர்டு மாட்ட வேண்டும், டெஸ்ட் காட்ட வேண்டும், இன்ஷூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் கைவசம் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அமரவிளையில் கை காட்டி நிறுத்தும் மோட்டார் வாகன ஆபீசர், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இருந்து ஏற்றி வருகிற ஆட்டோ என்றும் பார்க்காமல் ரசீது கிழிப்பார். ஆக, 1984 மாடல் ஏஎன்-32 வெள்ளத்துக்கு வாடகை ஓட்டினால், அதற்கும் மூக்கில் மஞ்சள் போர்டு, வாலில் டெஸ்ட் சீட்டு வேண்டும். நாற்பது வயசான டாக்ஸிக்கு எந்த ஆர்.டி.ஓ. டெஸ்ட் கொடுப்பார்? கண்டம் என்று எழுதி, சாவியைப் பிடுங்கி, ஓனர் மேல் கேஸ் போடுவார். ஓனர் பேர் பாரத சர்க்கார் என்பதால் இங்கே எல்லாம் தலைகீழ். கேஸ் இல்லை, பில் இருக்கிறது. ஓனருக்கு இல்லை, பயணிக்கு.

அன்று பஸ் ரொம்ப நேரம் வரவில்லை. மாமா திடீரென்று இலந்தூர்க்காரனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

1968 பிப்ரவரி 7. சண்டிகரில் இருந்து லேக்குப் புறப்பட்ட ஏஎன்-12 விமானம் ஒன்று, வானிலை மோசம் என்று பாதி வழியில் திரும்புகையில் ரோத்தாங் பக்கத்தில் மறைந்தது. 102 பேர். முப்பத்தைந்து வருஷம் யாருக்கும் ஒன்றும் தெரியாது. 2003-இல் மலையேறப் போன ஆட்கள் பனிக்குள் சிதைவைப் பார்த்தார்கள். அப்புறம் பனி உருக உருக ஒன்றிரண்டாக உடல்கள். 2024 செப்டம்பர் கடைசியில் நாலு பேர் கிடைத்தார்கள். அதில் ஒருவர் பத்தனம்திட்டை மாவட்டம் இலந்தூர்க்காரர். ராணுவத்தில் மெக்கானிக். போகும்போது வயது 22. திரும்பி வந்தபோது 56 வருஷம் கழிந்திருந்தது. தாயும் தகப்பனும் பார்த்துக்கொண்டே இருந்து போய்ச் சேர்ந்துவிட்டார்கள். உடலை விமானப்படை விமானத்தில் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவந்து, பாங்கோடு ராணுவ முகாமில் ஒரு ராத்திரி வைத்து, மறுநாள் ஊருக்குக் கொண்டுபோனார்கள். மாமா பாங்கோடு வரை போயிருந்தாராம். தூரத்தில் நின்று ஒரு சல்யூட் அடித்துவிட்டு வந்தாராம்.

"வயநாட்டுக் கணக்க செப்டம்பர் முப்பது வரைக்கும் எழுதினாவன்னு பேப்பர்ல கண்டேன்," என்றார். "இவன் வந்தது அக்டோபர்லயாக்கும்."

கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, காது கேளாதவர்கள் பேசுகிற அந்தப் பெரிய குரலில், சாயக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்க்கக் கேட்டார்:

"அப்போ இவனக் கொண்டுவந்த வாடகைய அடுத்த பில்லுல சேப்பாவளா, லே?"